மருந்தும் பைபிளும் ஒரே விமானத்தில்: காட்டுக்குள் பறக்கும் மிஷன் விமானங்கள் இந்தியாவில் ஏன் வேரூன்றவில்லை?

புனேயிலிருந்து காரில் கிளம்பினால், டிராஃபிக் இல்லாத நாளில் மூன்று மணி நேரத்துக்குள் நவி மும்பையின் ஜவஹர்லால் நேரு துறைமுகத்துக்குப் போய்விடலாம். 2023 ஜனவரியில் அங்கிருந்து ஒரு சின்ன சரக்கு ஏற்றுமதி ஆனது. மொத்தம் 80 பேரல், சுமார் 16,000 லிட்டர். ஒரு டேங்கர் லாரிக்குள் அடங்கிவிடும் அளவுதான். அனுப்பியது இந்தியன் ஆயில் நிறுவனம். உள்ளே இருந்தது 'ஏவி கேஸ்' எனப்படும் விமானப் பெட்ரோல். போய்ச் சேர்ந்த நாடு பப்புவா நியூ கினி.

நாம் ஏறும் பெரிய விமானங்களுக்கு இந்த எரிபொருள் பயன்படாது. அவை மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்த எரிபொருளில் ஓடுகின்றன. ஏவி கேஸ் வேண்டியிருப்பது பிஸ்டன் இன்ஜின் வைத்த குட்டி விமானங்களுக்கு. இந்தியாவில் அவற்றைப் பெரும்பாலும் பைலட் பயிற்சிப் பள்ளிகளில் பார்க்கலாம். புனே பக்கத்தில் பாராமதியில் வானத்தைப் பார்த்தால் தெரியும்.

பப்புவா நியூ கினியில் கதை வேறு. அங்கே குட்டி விமானம்தான் பல கிராமங்களுக்கு பஸ், லாரி, ஆம்புலன்ஸ் எல்லாமே. அந்த விமானப் போக்குவரத்தை வளர்த்ததில் பெரும் பங்கு கிறிஸ்தவ மிஷன்களுடையது.

மிஷனரிகள் ஏன் விமானம் ஓட்டினார்கள்? அதனால் யாருக்கு நன்மை, யாருக்குச் சேதம்? நூற்றுக்கணக்கான ஆண்டுகளாக மிஷனரிகள் இயங்கிவரும் இந்தியாவில் அப்படி ஒரு விமான வலைப்பின்னல் ஏன் உருவாகவில்லை? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மிஷன் விமானம் என்றால் என்ன?

பெரும்பாலும் 5 முதல் 12 பேர் வரை ஏறக்கூடிய ஒற்றை இன்ஜின் விமானம். செஸ்னா 206, செஸ்னா கேரவன், கோடியாக் ஆகியவை இதில் பிரபலமான ரகங்கள். இதில் கோடியாக் விமானம் மிஷன் அமைப்புகளின் தேவையை மனதில் வைத்தே அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் வடிவமைக்கப்பட்டது. சுமார் 300 மீட்டர் ஓடினாலே மேலே எழும்பிவிடும். மண்ணெண்ணெய் வகை எரிபொருளிலேயே ஓடும் என்பதால், ஏவி கேஸ் கிடைக்காத நாடுகளில் பெரிய தலைவலி தீர்ந்தது.

இவை இறங்கும் இடங்களை நம் ஊர் விமான நிலையத்தோடு ஒப்பிட்டுக் கற்பனை செய்யாதீர்கள். மலைச்சரிவில் கிராம மக்களே மண்வெட்டியால் வெட்டிச் சமன் செய்த புல்தரை. ஒரு முனை உயரமாக, மறுமுனை பள்ளமாக இருக்கும். விமானம் மேட்டை நோக்கி இறங்கும். சரிவு அதற்கு பிரேக் மாதிரி வேலை செய்யும். கிளம்பும்போது பள்ளத்தை நோக்கி ஓடி வேகம் பிடிக்கும். இறங்கும்போது ஒரு கட்டத்தைத் தாண்டிவிட்டால் 'சரி, இன்னொரு சுற்று வந்து இறங்கலாம்' என்ற வாய்ப்பே கிடையாது. எதிரே மலை நிற்கும். மதியத்துக்கு மேல் மேகம் மூடிவிடும் என்பதால் காலையிலேயே பறந்து முடிக்கப் பார்ப்பார்கள்.

ஒரு சீட்டுக்குப் பின்னால் என்ன கணக்கு?

இந்த விமானங்களில் ஏறும் முன் பயணியையும் தராசில் நிறுத்துவார்கள். காரணம் எளிமையானது.

ஒரு செஸ்னா 206 தன் எடை போகத் தூக்கக்கூடியது சுமார் 600 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பைலட் 80 கிலோ. போய்வரவும், அவசரத்துக்குக் கையிருப்பாகவும் 150 லிட்டர் எரிபொருள் என்றால் அது 110 கிலோ. மிச்சம் 410 கிலோ. தலா 65 கிலோ எடையுள்ள ஐந்து பயணிகள் ஏறினால் 325 போய்விடும். மீதி 85 கிலோவில் மருந்து, உப்பு, பள்ளிப் புத்தகம், சோலார் பேட்டரி எல்லாம் அடங்க வேண்டும். ஓடுதளம் ஈரமாக இருந்தால் இந்த அளவையும் குறைக்க வேண்டும். பிரசவ வலியில் இருக்கும் ஒரு பெண்ணைப் படுக்க வைத்துக் கொண்டுபோக வேண்டுமானால் சில சீட்டுகளைக் கழற்றிவிட வேண்டும்.

அப்போது யார் இறங்குவது? ஆசிரியரா, போதகரா, காபி மூட்டையை விற்கக் காத்திருக்கும் விவசாயியா? ஒரே ஒரு விமானம் வரும் ஊரில், அந்த விமானத்தின் சொந்தக்காரர் இதை முடிவு செய்கிறார். இந்தக் கட்டுரையின் மையக் கேள்வியும் அதுதான்.

இதை யார் தொடங்கினார்கள்?

கத்தோலிக்கர் தரப்பில் முக்கியமான பெயர் பால் ஷுல்டே. ஜெர்மன் பாதிரியார். முதல் உலகப் போருக்குப் பிறகு மிஷனரியாக ஆப்பிரிக்கா போன அவருடைய நண்பர், போக்குவரத்து வசதி இல்லாமல் சிகிச்சை கிடைக்காமல் இறந்துபோனார். அதன் விளைவாக 1927இல் ஷுல்டே தொடங்கிய அமைப்பு 'மிவா'. மிஷன்களுக்கு கார், படகு, விமானம் வாங்கிக் கொடுப்பது அதன் வேலை. 1936இல் ஹிண்டன்பர்க் என்ற ராட்சத வான்கப்பலில் திருப்பலி நிறைவேற்றி, வானத்தில் பறந்தபடி முதன்முதலில் பூசை வைத்தவர் என்றும் இவர் பெயர் பெற்றார்.

புராட்டஸ்டன்ட் தரப்பில், இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் வேலையில்லாமல் நின்ற போர் விமானிகள் இந்தத் துறையைக் கட்டினார்கள். 1945இல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் உருவான அமைப்புகளின் தொடர்ச்சிதான் இன்றைய 'மிஷன் ஏவியேஷன் ஃபெலோஷிப்'. சுருக்கமாக மாஃப். அமெரிக்க அமைப்பின் முதல் விமானத்தை 1946 பிப்ரவரியில் மெக்சிகோவுக்கு ஓட்டிச் சென்றவர் பெட்டி கிரீன் என்ற பெண். போர்க்காலத்தில் அமெரிக்க விமானப்படைக்காகப் பறந்த பெண் விமானிகளில் ஒருவர்.

பிரிட்டிஷ் அமைப்பின் முன்னோடிகளில் ஒருவரான ஜாக் ஹெம்மிங்ஸுக்கு இந்தியத் தொடர்பு உண்டு. போரின்போது கொல்கத்தாவிலிருந்து வங்காள விரிகுடாவைக் காவல் காத்த படைப்பிரிவில் இருந்தவர். 1948இல் ஒரு சிறு விமானத்தில் மத்திய ஆப்பிரிக்காவைச் சுற்றிப்பார்க்கக் கிளம்பி, மலையில் விழுந்தும் உயிர் தப்பினார். 2024இல், 102 வயதில், ஸ்பிட்ஃபயர் விமானத்தில் பறந்து செய்தியானார். மறு ஆண்டு ஜனவரியில் காலமானார்.

இன்று மாஃப் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில், நூறுக்கும் மேற்பட்ட விமானங்களோடு இயங்குகிறது. நம் பக்கத்து நாடான வங்கதேசத்தில்கூட ஆற்றிலேயே இறங்கும் நீர்விமானத்தைப் பல ஆண்டுகள் ஓட்டியது. பயணிகளில் மிஷனரிகள் ஒரு பகுதிதான். டாக்டர்கள், அரசு ஊழியர்கள், மதச்சார்பற்ற தொண்டு நிறுவனத்தினர், சாதாரண கிராமத்தினர் எல்லோரும் ஏறுகிறார்கள். செலவில் ஒரு பகுதியைக் கட்டணமும் மீதியை நன்கொடையும் ஈடுகட்டுகின்றன.

பப்புவா நியூ கினியில் மட்டும் ஏன் இவ்வளவு முக்கியம்?

தலைநகர் போர்ட் மோர்ஸ்பியிலிருந்து நாட்டின் மலைப்பகுதிக்கு சாலையே கிடையாது. 800க்கும் மேற்பட்ட மொழிகள் பேசும் மக்கள், செங்குத்தான பள்ளத்தாக்குகளில் சிதறி வாழ்கிறார்கள். பக்கத்து ஊருக்கு நடந்தால் நாள் கணக்கு. பறந்தால் நிமிடக் கணக்கு.

1951இல் மாஃப் அங்கே தொடங்கியது. அதே ஆண்டு அதன் விமானி ஒருவர் விபத்தில் இறந்தார். விபத்துகள் இன்றுவரை தொடர்கின்றன. எல்லைக்கு அப்பால் இந்தோனேசியாவின் பப்புவாவில், 2020 மே மாதம் கோவிட் பரிசோதனைக் கருவிகளை ஏற்றிச் சென்ற ஒரு மாஃப் விமானம் கிளம்பிய சில நிமிடங்களில் ஏரியில் விழுந்தது. தனியாக ஓட்டிச் சென்ற பெண் விமானி உயிரிழந்தார்.

கத்தோலிக்கர் பக்கம் பார்த்தால், நியூ கினியில் 1896 முதல் இயங்கும் 'இறைவார்த்தை சபை' முக்கியமானது. அதன் ஆயர் லியோ ஆர்க்ஃபெல்ட் தானே விமானம் ஓட்டி மறைமாவட்டத்தைச் சுற்றிவந்தார். 'பறக்கும் ஆயர்' என்றே அழைக்கப்பட்டார். அதே சபை நடத்தும் ஈஷ்வாணி கேந்திரா என்ற மிஷன் கல்வி மையம் நம் புனேயில், நகர் ரோடு பக்கம்தான் இருக்கிறது.

அப்படியானால் விமர்சனம் என்ன?

முதலாவது, தொடர்பே வேண்டாம் என்று ஒதுங்கி வாழும் மக்களை விமானம் எட்டிப்பிடிக்கிறது. இதில் அதிகம் பேசப்படுவது ஈக்வடார். 1955இல் நேட் செய்ன்ட் என்ற மாஃப் விமானி, வட்டமடித்துக்கொண்டே நீளமான கயிற்றில் வாளியைத் தொங்கவிட்டு வவோரானி பழங்குடியினருக்குப் பரிசுப் பொருள்களை இறக்கினார். 1956 ஜனவரி 8 அன்று அவரையும் உடனிருந்த நான்கு மிஷனரிகளையும் அந்த மக்கள் ஈட்டியால் கொன்றனர். கிறிஸ்தவ உலகில் இது தியாகக் கதையாகப் பரவியது. அதன் மறுபக்கமும் உண்டு. பிறகு மிஷனரிகளின் முயற்சியில் ஒரே இடத்தில் குடியமர்த்தப்பட்ட வவோரானிகளிடையே 1969இல் போலியோ பரவியது. அவர்கள் விட்டுவந்த காட்டில் எண்ணெய் நிறுவனங்கள் புகுந்தன.

இரண்டாவது, இறையாண்மை. காட்டுக்குள் சொந்த ஓடுதளம், சொந்த ரேடியோ, சொந்த விமானம் வைத்திருக்கும் வெளிநாட்டு அமைப்பை எந்த அரசும் சந்தேகத்தோடுதான் பார்க்கும். 2005இல் வெனிசுவேலா அதிபர் ஹூகோ சாவேஸ், நியூ ட்ரைப்ஸ் மிஷன் என்ற அமைப்பு உளவு பார்ப்பதாகச் சொல்லி வெளியேற்ற உத்தரவிட்டார். அந்த அமைப்பு குற்றச்சாட்டை மறுத்தது. 2020இல் கோவிட் பரவியபோது, வெளித்தொடர்பற்ற பழங்குடியினர் அதிகம் வாழும் ஜவாரி பள்ளத்தாக்குக்குள் மிஷனரிகள் நுழைய பிரேசில் நீதிமன்றம் ஒன்று தடை விதித்தது.

மூன்றாவது, மோதல் பகுதியில் விமானமே குறியாகிறது. 2001 ஏப்ரலில் பெரு விமானப்படை, போதைப்பொருள் கடத்தும் விமானம் என்று தவறாக நினைத்து ஒரு பாப்டிஸ்ட் மிஷன் விமானத்தைச் சுட்டது. ஒரு பெண்ணும் அவருடைய கைக்குழந்தையும் இறந்தார்கள். 2021 ஜனவரியில் இந்தோனேசியாவின் பப்புவாவில் ஒரு மாஃப் விமானத்தைப் பிரிவினைவாத ஆயுதக்குழு எரித்தது. இந்த விமானங்கள் ராணுவத்தினரை ஏற்றிச் செல்கின்றன என்பது அவர்களின் குற்றச்சாட்டு.

இந்த விமர்சனங்களால் அந்த விமானங்கள் காப்பாற்றிய உயிர்கள் இல்லை என்றாகிவிடாது. ஆனால் மருத்துவ உதவி, மதப் பிரசாரம், அரசியல் செல்வாக்கு மூன்றும் ஒரே கதவு வழியாக இறங்கும்போது, அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க அந்தக் கிராமத்தால் முடிவதில்லை. 'மருந்து மட்டும் போதும், பிரசங்கம் வேண்டாம்' என்று சொல்லும் துணிச்சல், அடுத்த விமானம் எப்போது வரும் என்று தெரியாதவருக்கு எளிதில் வராது.

சரி, இந்தியாவில் ஏன் இது வளரவில்லை?

'இங்கே மிஷனரிகள் குறைவு' என்பது பதில் அல்ல. புனேயையே எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கையின் கண்டியில் 1893இல் தொடங்கிய பாப்பரசர் குருமடம் 1955இல் புனேவுக்கு மாறியது. மதுரையில் 'தத்துவ போதகர்' என்று அறியப்பட்ட ராபர்ட் தெ நொபிலியின் பெயரிலேயே இயேசு சபையினருக்கு இங்கே ஒரு கல்லூரி இருக்கிறது. யவத்மாலில் இருந்த யூனியன் பிப்ளிகல் செமினரி 1983இல் புனேவுக்கு வந்தது.

தமிழர்களுக்கும் இதில் தனி வரலாறு உண்டு. 1903இல் திருநெல்வேலியில் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கம், தன் ஆட்களை முதலில் அனுப்பியது தெலுங்கு பேசும் டோர்ணக்கல் பகுதிக்கு. டோர்ணக்கல் ஒரு ரயில் சந்திப்பு. முதல் காரணம் இங்கேயே கிடைத்துவிட்டது: ரயில். 68,000 கிலோமீட்டருக்கும் அதிகமான வழித்தடம் உள்ள நாட்டில், ரயிலில் போய், பஸ் பிடித்து, கடைசி சில மைல் நடந்தால் பெரும்பாலான இடத்துக்குச் சேர்ந்துவிடலாம். நடமாடும் மருத்துவமனைகூட இங்கே தண்டவாளத்தில்தான் ஓடுகிறது. 1991இல் தொடங்கிய லைஃப்லைன் எக்ஸ்பிரஸ் அதற்கு உதாரணம்.

மதம் பரவ விமானம் அவசியமா என்ற கேள்விக்கு 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நல்ல பதில் தருகிறது. நாடு முழுவதும் கிறிஸ்தவர்கள் 2.3 சதவீதம். தமிழ்நாட்டில் 6.12, மகாராஷ்டிராவில் 0.96. ஆனால் நாகாலாந்தில் 87.93, மிசோரமில் 87.16, மேகாலயாவில் 74.59. இவை சமவெளி ரயில் எளிதில் ஏறாத மலை மாநிலங்கள். மிசோ மொழிக்கு ரோமன் எழுத்து முறையை வகுத்த இரண்டு மிஷனரிகள் 1894இல் படகில்தான் வந்து சேர்ந்தார்கள். ஐஸ்வாலுக்கு லெங்புய் விமான நிலையம் திறந்ததோ 1998இல். விமானம் வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே அந்த மாற்றம் முடிந்துவிட்டது. அதைச் செய்ததில் உள்ளூர் மொழிக்கும், பள்ளிக்கும், நடந்தே ஊர் ஊராகப் போன உள்ளூர் போதகர்களுக்கும் பெரிய பங்கு உண்டு.

இரண்டாவது காரணம், சட்டம். அரசியலமைப்பின் 25வது பிரிவு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. ஆனால் அந்த உரிமை இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒடிசா, மத்தியப் பிரதேசம், அருணாசலப் பிரதேசம் உள்ளிட்ட மாநிலங்களில் மதமாற்றத்தைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் 1960கள், 70களிலேயே வந்துவிட்டன. வெளிநாட்டு மிஷனரிக்குத் தனி விசா வேண்டும். வெளிநாட்டு நன்கொடைக்கு எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு வேண்டும். மிஷன் விமானம் என்ற மாடல் நிற்பதே வெளிநாட்டு விமானி, வெளிநாட்டுப் பணம் என்ற இரண்டு கால்களில். இந்தியாவில் இரண்டுக்கும் வாசலிலேயே காவல்.

மூன்றாவது, பாதுகாப்பு. சிறு விமானம் உண்மையிலேயே தேவைப்படும் இடங்கள் இங்கே பெரும்பாலும் எல்லைப் பகுதிகள் அல்லது பாதுகாக்கப்பட்ட பழங்குடிப் பகுதிகள். அருணாசலத்துக்குள் போக இந்தியருக்கே உள்நுழைவு அனுமதி தேவை. வடக்கு சென்டினல் தீவை நெருங்கவே சட்டப்படி தடை. 2018இல் அதை மீறிய அமெரிக்க இளைஞர் உயிரிழந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அவர் போனது மீனவர் படகில். 1995 டிசம்பரில் மேற்கு வங்கத்தின் புருலியாவில் ஒரு அந்தோனோவ் விமானத்திலிருந்து ஆயுதங்கள் வீசப்பட்டதையும் மறக்க முடியாது. முன்பின் தெரியாத விமானம் உள்நாட்டுக் கிராமத்தின் மேல் தாழப் பறப்பது இங்கே சாதாரண விஷயமாக எடுத்துக்கொள்ளப்படாது.

அப்போ தேவையே இல்லையா?

இருக்கிறது. அருணாசலத்தின் சாங்லாங் மாவட்டத்தில், மியான்மர் எல்லையை ஒட்டிய விஜயநகர் ஓர் உதாரணம். மியாவ் நகரிலிருந்து நம்தபா காட்டின் வழியே 157 கிலோமீட்டர். நடந்தே போன காலத்தில் ஒரு வாரம் வரை ஆகும். அங்கே வாழும் யோபின் எனப்படும் லிசு மக்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். பப்புவா மாதிரியே மலை, காடு, தேவாலயம், ஓடுதளம் எல்லாம் உண்டு. ஆனால் அந்த ஓடுதளத்தில் இறங்குவது இந்திய விமானப்படையின் ஏஎன்-32. சீரமைப்புக்குப் பிறகு அது 2019 செப்டம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது.

அரசு விமானம் ஏறுபவரின் மதத்தைக் கேட்காது. அது பெரிய விஷயம். ஆனால் அது ஊர்க்காரர் கூப்பிட்ட நேரத்துக்கு வருவதும் இல்லை. வானிலை, ராணுவத் தேவை, சரக்கு எல்லாம் போகத்தான் பொதுமக்களுக்கு இடம். விமானத்தின் சொந்தக்காரர் மிஷனாக இருந்தாலும் அரசாக இருந்தாலும், ஒரே விமானத்தை நம்பியிருக்கும் ஊரின் நிலைமை ஒன்றுதான்.

அடுத்து என்ன?

மாற்றம் வேறு திசையிலிருந்து வருகிறது. 2021 அக்டோபரில் மணிப்பூரின் பிஷ்ணுபூரிலிருந்து லோக்தாக் ஏரியில் உள்ள கராங் தீவுக்கு ஐசிஎம்ஆர் ட்ரோனில் தடுப்பூசி அனுப்பியது. சுமார் 15 கிலோமீட்டர் வான்தூரத்தை ட்ரோன் கால் மணி நேரத்துக்குள் கடந்தது. 2024 அக்டோபரில் ரிஷிகேஷ் எய்ம்ஸ் மருத்துவமனையில் ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் தொடங்கியது. மகாராஷ்டிராவிலும், புனேயின் சீரம் இன்ஸ்டிடியூட் உதவியோடு, ஜிப்லைன் நிறுவனத்தின் ட்ரோன்களை புனே, நந்துர்பார் பகுதிகளில் பறக்கவிடும் திட்டம் 2019இல் அறிவிக்கப்பட்டது.

ட்ரோனில் ஒரு வசதி இருக்கிறது: ரத்தமும் தடுப்பூசியும் மட்டும் வரும், கூடவே யாரும் இறங்க மாட்டார்கள். ஆனால் மூன்று நாளாக வலியில் துடிக்கும் கர்ப்பிணியைத் தூக்கிக்கொண்டு போக இன்றைய மருந்து ட்ரோனால் முடியாது. அதற்கு இன்னமும் விமானமோ ஹெலிகாப்டரோ, ஒரு பைலட்டோ, கழற்றி வைக்கப்பட்ட சில சீட்டுகளோ வேண்டும்.

எனவே மிஷன் விமானம் பற்றிய செய்தியை அடுத்த முறை படிக்கும்போது, 'நல்லதா கெட்டதா' என்று உடனே முடிவுகட்டுவதற்கு முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள். அந்த ஊருக்கு வேறு வழி இருக்கிறதா? யார் ஏற வேண்டும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? விமானம் வர வேண்டாம் என்று சொல்ல அந்த ஊருக்கு உரிமை இருக்கிறதா, சொன்ன பிறகும் அவர்களுக்கு மருந்து கிடைக்குமா? விஜயநகரில் வேறு மாதிரி, பப்புவாவில் வேறு மாதிரி பதில் வரலாம். கேள்விகள் இரண்டு இடத்துக்கும் பொருந்தும்.